மிக்ஸிங் எது, மாஸ்டரிங் எது: ராக் பேண்டுகளுக்கு ஃப்ரீலான்ஸாக வேலை செய்ய வருபவர்களுக்கு

ஒரு ராக் பேண்ட் நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை ரெக்கார்ட் செய்து முடித்ததும் கையில் இருப்பது பாட்டு இல்லை. முப்பது நாற்பது தனித்தனி ஃபைல்கள். காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, 'டப்' என்று வெடிக்கும் ஸ்நேர் டிரம்முக்கு மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக், டாம்கள், சிம்பல்களுக்கு மேலே தொங்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்குகள், பேஸ், இடது கிட்டார், வலது கிட்டார், லீட், பாடகர், அவருக்குப் பின்னால் கத்தும் மூன்று பேர். இத்தனையையும் சேர்த்து இடது, வலது என்று இரண்டே தடங்களாக்குவது மிக்ஸிங். அந்த இரண்டு தடங்களை வாங்கி, ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் சிடியிலும் போகத் தகுந்த கடைசி வடிவமாக்குவது மாஸ்டரிங்.

மிக்ஸிங்கில் ஸ்நேரை மட்டும் ஒரு டெசிபெல் ஏற்றலாம். மாஸ்டரிங்கில் அது முடியாது. ஸ்நேரின் உடம்பு இருக்கும் 200 ஹெர்ட்ஸைத் தொட்டால், அங்கேயே குடியிருக்கும் கிட்டாரும் பாடகரின் குரலும் கூடவே நகரும். மாவு அரைத்த பிறகு உளுந்தை மட்டும் குறைக்க முடியாது, அந்த மாதிரி. ரெக்கார்டிங்கில் நடந்த தப்பை மிக்ஸிங்கில் திருத்தினால் இரண்டு மடங்கு நேரம் போகும். மிக்ஸிங் தப்பை மாஸ்டரிங்கில் திருத்தப் போனால் வேறு ஏதாவது கெடும். புதிதாக வருபவர்கள் எந்த பிளக்-இன் (ஒலியைத் திருத்தும் மென்பொருள் கருவி) வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால், கையில் இருக்கும் தப்பு எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கப் பழகிக்கொள்வது நல்லது.

ஃபைல் வரும் நாள்

ஃப்ரீலான்ஸ் வேலையில் ரெக்கார்டிங்கின்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. ஒரு லிங்க் வரும். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பாட்டு. அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே, ஃபைல் எப்படி வர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

எல்லாம் 24 பிட் வேவ் ஃபைல்கள். ரெக்கார்ட் செய்த சாம்பிள் ரேட்டிலேயே (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிந்தார்கள் என்ற எண்) வரட்டும், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48-ஆக மாற்றி அனுப்புவதால் எந்த லாபமும் இல்லை. எல்லா ஃபைலும் பாட்டின் ஒரே பூஜ்யப் புள்ளியில் தொடங்க வேண்டும். இரண்டாவது சரணத்தில் மட்டும் வரும் டாம்பரின்கூட, முன்னால் வெறும் மௌனத்தோடு பூஜ்யத்திலிருந்தே வர வேண்டும். இல்லையென்றால் அது எந்த இடத்தில் உட்காரும் என்று ஊகிப்பதிலேயே மாலை போய்விடும். கிக், ஸ்நேர் போன்றவை மோனோ, அதாவது ஒரே தடமுள்ள ஃபைல்களாக இருக்கட்டும். கிட்டார் ஆம்ப் சத்தத்தோடு, கிட்டாரிலிருந்து நேரே எடுத்த டி.ஐ. ட்ராக்கும் வேண்டும். பாட்டின் வேகம், வரிகள், பேண்டே கச்சாவாக மிக்ஸ் செய்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு எம்பி3: இவையும் வேண்டும். அந்தக் கச்சா மிக்ஸை அலட்சியம் செய்யாதீர்கள். மூன்று மாதமாக அதைத்தான் அவர்கள் காது கேட்டுப் பழகியிருக்கிறது. உங்கள் மிக்ஸை அதோடுதான் ஒப்பிடுவார்கள்.

அளவும் தெரிந்திருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு 8.64 எம்பி. முப்பது ட்ராக், நான்கு நிமிடம் என்றால் ஒரு ஜிபியைத் தொடும். நூறு எம்பி மட்டும் வந்திருந்தால் யாரோ எம்பி3-ஆக அனுப்பியிருக்கிறார்கள் என்று திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

சாம்பிள் ரேட் குழப்பம் ஒன்று அடிக்கடி நடக்கும். 44.1-இல் பதிந்த ஃபைலை, மாற்றம் செய்யாமல் 48-இல் அமைத்த செஷனில் (மிக்ஸ் செய்யும் மென்பொருளின் கோப்பு) அப்படியே ஓட்டினால் பாட்டு கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். எல்லா ட்ராக்கும் சேர்ந்தே ஏறுவதால் முதல் முறை கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. கச்சா மிக்ஸோடு ஒரு முறை பக்கத்தில் வைத்துக் கேட்டால் மாட்டிக்கொள்ளும்.

பிறகு ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாக ஒரு முறை கேட்டுவிடுங்கள். குரல் ட்ராக்கில் உச்சஸ்தாயியில் 'கரகர' என்று உடைகிறதா? அது ரெக்கார்ட் ஆகும்போதே உச்சி வெட்டுப்பட்ட கிளிப்பிங். சரிசெய்ய பிளக்-இன்கள் இருக்கின்றன, ஓரளவுக்கு மறைக்கும். ஆனால் இன்னொரு டேக் கேட்டு வாங்குவதுதான் சரி. முதல் நாளில் கேட்டால் பேண்ட் முகம் சுளிக்காது. பத்தாவது நாளில் கேட்டால் சுளிக்கும்.

ஸ்நேர் ஏன் காணாமல் போகிறது

டிரம்ஸை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு: ராக் மிக்ஸில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. பலர் இதை ஈக்யூவால் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி) தீர்க்கப் பார்த்துத் தோற்கிறார்கள்.

ஸ்நேர் மேல் மைக்கைத் தனியாகப் போடுகிறீர்கள். கெட்டியாக, வயிற்றில் குத்துவது போல இருக்கிறது. ஓவர்ஹெட்டைச் சேர்க்கிறீர்கள், ஸ்நேர் தகர டப்பாவாகிறது. எதையும் குறைக்கவில்லை, ஒன்றைச் சேர்த்ததால் குறைந்திருக்கிறது. காரணம் தூரம். மேல் மைக் தோலிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஓவர்ஹெட் ஒரு மீட்டரில். ஒலி வினாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஆக ஓவர்ஹெட்டுக்கு அந்த அடி 2.8 மில்லிவினாடி தாமதமாகப் போய்ச் சேருகிறது. அந்தத் தாமதத்தில் 180 ஹெர்ட்ஸ் அலை சரியாக அரைச் சுற்று பின்தங்கும். ஒரு மைக்கில் மேடு வரும்போது இன்னொன்றில் பள்ளம். இரண்டும் சேர்ந்தால் கழிந்துவிடும். ஸ்நேரின் உடம்பு இருப்பது ஏறக்குறைய அதே 180-200 ஹெர்ட்ஸில். அதனால்தான் எஞ்சுவது தகரம்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். மிக்ஸை மோனோவில் போடுங்கள். ஸ்நேர் மேல் மைக்கும் ஓவர்ஹெட்டும் மட்டும் ஓடட்டும். ஓவர்ஹெட்டின் பொலாரிட்டி பட்டனை (அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் திருப்புவது) அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டுக் கேளுங்கள். எந்த நிலையில் ஸ்நேர் கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். போதவில்லையென்றால் அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஒரே அடி இரண்டு ட்ராக்கிலும் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 2.8 மில்லிவினாடி என்பது சுமார் 133 சாம்பிள். ஓவர்ஹெட் இரண்டையும் சேர்த்தே அவ்வளவு முன்னால் நகர்த்தலாம். இடதை மட்டும் நகர்த்தினால் சிம்பல்களின் இடவலம் கோணலாகும்.

கீழ் மைக் கதை வேறு. குச்சி விழும்போது தோல் மேல் மைக்கை விட்டு விலகுகிறது, கீழ் மைக்கை நோக்கி வருகிறது. ஆக இரண்டும் பிறவியிலேயே எதிரெதிர். கீழ் மைக்கின் பொலாரிட்டியைத் திருப்புவது கிட்டத்தட்ட எப்போதுமே சரியாக வரும். ஆனாலும் கேட்டுவிட்டுத் திருப்புங்கள், ஏற்கெனவே ரெக்கார்டிங்கில் யாரேனும் திருப்பியிருக்கலாம்.

இந்த வேலையை எந்த ஈக்யூவையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டும். கழிந்துபோன 180 ஹெர்ட்ஸை ஈக்யூவில் 6 டெசிபெல் தூக்கினாலும் வராது. இல்லாததைத் தூக்க முடியாது. பேஸின் டி.ஐ. ட்ராக்கும் பேஸ் ஆம்ப் மைக்கும் இதே வியாதிக்காரர்கள்தான். அங்கே 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 0.9 மில்லிவினாடி.

எல்லா மைக்கையும் கோடு போட்டது போல நேராக்கிவிட வேண்டுமா என்றால், வேண்டாம். தூரத்து ரூம் மைக்கின் தாமதம்தான் அறை பெரியது என்று காதுக்குச் சொல்கிறது. அதை அப்படியே விடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்நேர் மைக்கில், பக்கத்தில் இருக்கும் சிம்பல் ஜோடியான ஹை-ஹாட்டும் விழுந்திருக்கும். ஸ்நேருக்குப் பளபளப்பு வேண்டும் என்று 8 கிலோஹெர்ட்ஸைத் தூக்கினால் ஹை-ஹாட்தான் முதலில் எழும். மெல்லிய சத்தத்தை அடைக்கும் கேட் என்ற கருவியைப் போட்டால் மெல்லிய அடிகளும் வெட்டுப்படும். இந்த இடத்தில் பலரும் செய்வது, ஸ்நேர் அடிகளின் இடத்திலேயே ஒரு சாம்பிளை (முன்பே பதிந்த தனி ஸ்நேர் அடி ஒன்றை) அடியில் வைத்து, பளபளப்பை அதிலிருந்து எடுப்பது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சாம்பிளும் அசலும் துல்லியமாக ஒரே கணத்தில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் தகர டப்பா.

கனம் கிட்டாரில் இல்லை

கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸின் தாழ்ந்த ஈ 41. கிக்கின் அடிவயிறு பெரும்பாலும் 50 முதல் 80 வரை. இந்தச் சின்னச் சந்துக்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் நுழைய முயல்கிறார்கள். ராக் மிக்ஸ் 'கொழகொழ' என்று இருப்பதற்கு முதல் காரணம், கிட்டாரிலும் அடித்தளத்தைத் தேடுவது.

கிட்டாரை 80-லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். தனியாகக் கேட்டால் ஒல்லியாகிவிட்டது போல இருக்கும், பயப்பட வேண்டாம். பேஸைச் சேர்த்ததும் அந்தக் கனம் திரும்பி வரும். 'கிட்டார் என்ன கனம்' என்று நாம் கேட்பதில் பெரும்பங்கு அதே சுரத்தை அடியில் வாசிக்கும் பேஸ். அதனால்தான் சோலோ பட்டனை அழுத்திக்கொண்டு கிட்டாரை அழகுபடுத்துவது வீண் வேலை. தனியாக அழகாக்கிய கிட்டார் கூட்டத்துக்குள் வந்ததும் பேஸை மிதிக்கும், குரலை மறைக்கும்.

கிக்குக்கும் பேஸுக்கும் இடையே ஒருவரைத் தாழ்ந்தவராகவும் இன்னொருவரைச் சற்று உயர்ந்தவராகவும் நிறுத்த வேண்டும். கிக் 60-இல் நின்றால் பேஸில் அந்த இடத்தை 2, 3 டெசிபெல் குறைத்து, 90-100 பக்கம் பேஸை நிறுத்தலாம். வேகமான இரட்டை கிக் பாட்டென்றால் தலைகீழ்: கிக்கில் தாழ்ந்த பகுதியைக் குறைத்து, 3, 4 கிலோஹெர்ட்ஸில் 'டிக்' சத்தத்தை ஏற்றினால்தான் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கும்.

200-லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரைதான் சேறு தேங்கும் இடம். ஒவ்வொரு ட்ராக்கிலும் கொஞ்சம் இருந்தால் தப்பில்லை. முப்பது ட்ராக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் குளம். ஆனால் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு 300-ஐ வெட்டினால் மிக்ஸ் வெளிறிப்போகும். இரண்டு கிட்டாரில் ஒன்றில் வெட்டி இன்னொன்றில் விடுவது நல்ல தொடக்கம்.

இடவல கிட்டாருக்கு ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்துப் பதிய வேண்டும். ஒரே டேக்கைக் காப்பி செய்து இரண்டு பக்கமும் வைத்தால் அது ஸ்டீரியோ ஆகாது. சத்தம் கூடிய மோனோ, நடுவிலேயே நிற்கும். ஒரு பக்கத்தை 20 மில்லிவினாடி தள்ளி வைத்தால் ஹெட்ஃபோனில் அகலமாகத்தான் கேட்கும். மோனோ ஸ்பீக்கரில் போட்டதும் 25, 75, 125 என்று 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளமாக விழுந்து, குழாய்க்குள்ளிருந்து வாசிப்பது போலாகிவிடும். இரண்டாவது டேக் இல்லையென்றால் கிட்டாரிஸ்டிடம் கேளுங்கள். டி.ஐ. மட்டும் வாசித்து அனுப்பினாலும் போதும், ஆம்ப் சத்தத்தை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

டிஸ்டார்ஷன் பற்றி ஒரு வார்த்தை. பேண்ட் ரூமில் நன்றாகக் கேட்ட கெயின் (ஆம்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டும் அளவு), ரெக்கார்டிங்கில் பெரும்பாலும் அதிகம். இரண்டு, நான்கு கிட்டார்கள் அடுக்கும்போது டிஸ்டார்ஷனும் சேர்ந்து அடுக்கும். உள்ளங்கையால் கம்பியை அழுத்தி வாசிக்கும் ரிஃப் எல்லாம் மூடுபனியாகும். இதற்கு மிக்ஸிங்கில் மருந்து குறைவு. டி.ஐ. ட்ராக்கை முதல் நாளே கேட்டு வாங்கியது இதற்காகத்தான்.

கம்ப்ரஷர் என்ன செய்கிறது

சத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் அமுக்குவது கம்ப்ரஷர். 4:1 என்றால், எல்லையை 8 டெசிபெல் தாண்டியது 2 டெசிபெல் தாண்டியதாக வெளியே வரும். இது எளிது. புதியவர்களைக் குழப்புவது அட்டாக்கும் ரிலீஸும்.

அட்டாக் என்பது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம். ஸ்நேரில் அட்டாக்கை 1 மில்லிவினாடி வைத்தால் குச்சி விழும் அந்த முதல் 'டப்' அமுங்கிவிடும். ஸ்நேர் பின்னால் போய் நிற்கும். 20, 30 மில்லிவினாடி வைத்தால் 'டப்' தப்பித்து வெளியே போய்விடும், பின்னால் வரும் வால்தான் அமுங்கும். அடி முன்னால் வரும். ரிலீஸ் என்பது பிடியை விடும் நேரம். அடுத்த அடி வருவதற்குள் கம்ப்ரஷர் மீட்டரின் ஊசி பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தால் சரி. 120 வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் 500 மில்லிவினாடி; கணக்கு எளிது, 60,000-ஐ வேகத்தால் வகுத்தால் போதும். எதிரொலி தரும் டிலே பிளக்-இன்னுக்கும் இதே எண்தான்.

மொத்த மிக்ஸின் மேலும் ஒரு கம்ப்ரஷர் போடுவது ராக்கில் வழக்கம்: 2:1 அல்லது 4:1, மெதுவான அட்டாக், ஊசி 2, 3 டெசிபெலுக்கு மேல் ஆடாமல். இதை மிக்ஸ் முடிந்த பிறகு ஒட்டாதீர்கள். தொடக்கத்திலேயே போட்டுவிட்டு அதற்குள் மிக்ஸ் செய்யுங்கள். பின்னால் ஒட்டினால் நீங்கள் வைத்த பேலன்ஸ் எல்லாம் நகரும்.

குரல்

ராக் பாடகர் முதல் வரியை முணுமுணுத்துவிட்டுக் கோரஸில் கூரையைப் பிய்ப்பார். இந்த 15, 20 டெசிபெல் வித்தியாசத்தை ஒரே கம்ப்ரஷரிடம் விட்டால் அது மூச்சிரைக்கும். முதலில் கையால் ஒவ்வொரு சொற்றொடரின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள். சலிப்பான அரை மணி நேரம்தான், ஆனால் இதற்கு இணை இல்லை. பிறகு இரண்டு கம்ப்ரஷர்கள், ஒவ்வொன்றும் 3, 4 டெசிபெல் மட்டும். 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் 'ஸ்' குத்தினால், அதை மட்டும் அமுக்கும் டி-எஸ்ஸர்.

தமிழில் பாடும் பேண்டென்றால், அறையின் முழக்கம் போல ஒலியை நீட்டும் ரிவர்பில் கொஞ்சம் கவனம். 'பாட்டு' என்பதில் 'ட்ட' வரும்போது நாக்கு ஒரு கணம் மூச்சை அடைத்து, ஒரு சின்ன மௌனம் விழுகிறது. அந்த மௌனம்தான் 'பாட்டு' வேறு 'பாடு' வேறு என்று காதுக்குக் காட்டுகிறது. நீண்ட ரிவர்ப் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் வல்லினம் கரைந்து வரி புரியாது. ரிவர்பைக் குறைத்து, பாட்டின் வேகத்துக்கு ஒத்த டிலே ஒன்றை மெல்லியதாக வைத்தால் இடமும் கிடைக்கும், சொல்லும் நிற்கும்.

அறையும் காதும்

மைக்குக்கும் பிளக்-இன்னுக்கும் காசு செலவழிப்பவர்கள் அறையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 10-க்கு 12 அடி அறையில் சுவருக்குச் சுவர் அலை மோதி, 47 ஹெர்ட்ஸிலும் 56 ஹெர்ட்ஸிலும் தேங்கி நிற்கும். நீங்கள் அறையின் சரிநடுவில் உட்கார்ந்தால் அந்த இரண்டும் அங்கே பள்ளம். கிக்கும் பேஸும் காதுக்கு வராது, வரவில்லையே என்று ஏற்றுவீர்கள், மறுநாள் டிரம்மர் தன் காரில் போட்டுக் கேட்டால் கண்ணாடி நடுங்கும். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் சுமார் 38 சதவீதம், அதாவது 12 அடிக்கு நாலரை அடியில் உட்காருங்கள். மூலைகளில் 4 அங்குல ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கனிமப் பஞ்சு) பேனல் வையுங்கள். சுவரெல்லாம் ஒட்டும் முட்டை அட்டை பேஸை ஒன்றும் செய்யாது, தூசிதான் சேரும்.

அப்படியும் அறை பொய் சொல்லும். அதனால் ஒரே ஹெட்ஃபோன், ஒரே மொபைல் ஸ்பீக்கர், நீங்கள் நன்கு அறிந்த இரண்டு மூன்று ராக் பாட்டுகள்: இவற்றை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும்போது அந்தப் பாட்டுகளின் சத்தத்தை உங்கள் மிக்ஸ் அளவுக்குக் குறைத்துவிட்டே ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் சத்தமானதுதான் நல்லது என்று காது ஏமாறும். மொபைல் ஸ்பீக்கரில் தாழ்ந்த பேஸ் வரவே வராது. பேஸில் சற்று சாச்சுரேஷன் (மெல்லிய டிஸ்டார்ஷன்) சேர்த்து 700 ஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம் சத்தம் உண்டாக்கினால், சுரம் காதில் விழும்.

சத்தமாக வைத்தால் பேஸும் பளபளப்பும் தாமாகவே தூக்கலாகக் கேட்கும். காதின் இந்தக் குணத்தை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். பேசினால் கேட்கும் அளவுக்கு மெதுவாக வைத்தே பெரும்பகுதி வேலையைச் செய்யுங்கள். 85 டெசிபெலில் 8 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு எல்லை. 88 என்றால் அது 4 மணி நேரமாகிவிடும்.

பேண்ட் சொல்வதும் அதன் பொருளும்

முதல் மிக்ஸ் அனுப்பிய இரவே வாட்ஸ்அப் வரும்: "ப்ரோ, செமயா இருக்கு. ஆனா கிட்டார் இன்னும் கொஞ்சம் வெளிய வரணும். ஒரு பவர் பத்தல." அனுப்பியவர் யார் என்று பாருங்கள், கிட்டாரிஸ்டாக இருப்பார். பேஸிஸ்ட் பேஸைக் கேட்பார், டிரம்மர் கிக்கைக் கேட்பார். எல்லாவற்றையும் ஏற்றினால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள், சத்தம் மட்டும் கூடியிருக்கும். பேண்ட் சார்பில் ஒரே ஒருவர், எல்லோருடைய கருத்தையும் தொகுத்து, நிமிடம் நொடி குறித்து ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். 'பவர் பத்தல' என்றால் பெரும்பாலும் சரணமும் கோரஸும் ஒரே சத்தத்தில் இருக்கின்றன. கோரஸை ஏற்றுவதைவிட, சரணத்தை ஒரு டெசிபெல் இறக்கிப் பாருங்கள். 'பஞ்ச் இல்ல' என்றால் ஸ்நேர், கிக் அட்டாக். 'கொழகொழன்னு இருக்கு' என்றால் 200-400. 'காதுல குத்துது' என்றால் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் கிட்டாரும் சிம்பலும் குரலும் மோதுகின்றன.

கட்டணத்தைப் பாட்டுக் கணக்கில் பேசுங்கள், மணிக் கணக்கில் வேண்டாம். பாதி முன்பணம், மீதி வந்த பிறகு வேவ் ஃபைல், அதுவரை கேட்பதற்கு எம்பி3. இரண்டு மூன்று முறை திருத்தம் கட்டணத்துக்குள். அதற்கு மேல் தனி. வேலை தொடங்கிய பிறகு 'இன்னொரு கிட்டார் லேயர் வாசிச்சிருக்கோம்' என்று வந்தால் அதுவும் தனி. இதெல்லாம் ஒரே மின்னஞ்சலில் இருந்தால் போதும், பின்னால் மனக்கசப்பு வராது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

மாஸ்டரிங்

மிக்ஸ் முடிந்த அன்றே மாஸ்டரிங் செய்யாதீர்கள். வேறொருவரிடம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் அறையின் பொய்யை அவர் அறை கண்டுபிடிக்கும். சுயாதீன பேண்டுகளுக்குக் காசு கம்மி, பெரும்பாலும் இரண்டும் ஒருவர் தலையில்தான் விழும். இரண்டு மூன்று நாள் இடைவெளியாவது விடுங்கள். மிக்ஸை மாஸ்டரிங்குக்கு எடுக்கும்போது லிமிட்டரை (உச்சியை ஒரு எல்லைக்கு மேல் போகவிடாத கருவி) கழற்றிவிட்டு, பூஜ்யம்தான் டிஜிட்டலின் உச்சவரம்பு என்பதால் உச்சி -3லிருந்து -6 டெசிபெலுக்குள் நிற்கும்படி 24 பிட்டில் எடுங்கள்.

மாஸ்டரிங்கில் கை அசைவு சிறியது. அரை டெசிபெல், ஒரு டெசிபெல். ஏதோ ஒரு இடத்தில் 3 டெசிபெலுக்கு மேல் ஈக்யூ தேவைப்பட்டால், அது மிக்ஸ் தப்பு. மிக்ஸுக்குத் திரும்பிப் போங்கள். ஒரே ஆள் இரண்டும் செய்வதில் இருக்கும் ஒரே வசதி அதுதான்.

சத்தத்தைப் பற்றித்தான் அதிகம் சண்டை. காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தை லஃப்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். இந்த அளவுமுறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பி.எஸ்.1770 என்ற எண்ணில் வெளியிட்டது. ஸ்பாட்டிஃபை சாதாரணமாக எல்லாப் பாட்டையும் -14 லஃப்ஸுக்குக் கொண்டுவந்து ஓட்டும். யூடியூபும் -14-க்கு மேல் இருப்பதைக் குறைக்கும், தாழ்ந்திருப்பதை ஏற்றாது. ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் போட்டால் -16. நீங்கள் லிமிட்டரை நெரித்து -6 லஃப்ஸுக்குக் கொண்டுபோன பாட்டை ஸ்பாட்டிஃபை 8 டெசிபெல் குறைத்துவிடும். சத்தம் போய்விட்டது, நெரித்ததால் செத்துப்போன ஸ்நேர் மட்டும் மிச்சம்.

அதற்காக -14-க்கே மாஸ்டர் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கனமான ராக் பாட்டு -14-இல் பெரும்பாலும் தளர்ந்து கேட்கும். கம்ப்ரஷனும் டிஸ்டார்ஷனும் அந்த இசையின் சுவையிலேயே கலந்தவை. -11லிருந்து -9 வரை பெரும்பாலான பாட்டுகளுக்கு ஒத்துவரும். எண்ணைப் பார்த்து நிறுத்தாமல், லிமிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கோரஸில் ஸ்நேர் எப்போது சுருங்கத் தொடங்குகிறதோ அங்கிருந்து ஒரு டெசிபெல் பின்வாங்குங்கள்.

மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் 2008-இல் வந்தபோது இந்தச் சண்டை வீதிக்கே வந்தது. கிட்டார் ஹீரோ விளையாட்டுக்குத் தரப்பட்ட அதே பாட்டுகள் இவ்வளவு நசுங்காமல் இருந்ததை ரசிகர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். திருத்தி வெளியிடச் சொல்லி மனுவும் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், மிக்ஸ்கள் தன்னிடம் வரும்போதே நசுங்கித்தான் வந்தன என்று சொன்னது அப்போது வெளியே தெரிந்தது. மிக்ஸில் நெரித்ததை மாஸ்டரிங்கில் விடுவிக்க வழியில்லை.

லிமிட்டரின் உச்ச எல்லையை -1 டெசிபெல் ட்ரூ பீக்கில் (சாம்பிள்களுக்கிடையே எழும் உச்சியையும் சேர்த்து அளப்பது) வையுங்கள். வேவ் ஃபைலில் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பாட்டு, எம்பி3, ஏஏசி போன்ற சுருக்கிய வடிவமாக மாறும்போது உச்சி சற்று எகிறி உடையும். -14-ஐ விடச் சத்தமான மாஸ்டருக்கு -2 விடச் சொல்கிறது ஸ்பாட்டிஃபை.

ஆல்பமென்றால் பாட்டுகளுக்கிடையே சமன் செய்வதும் இந்தக் கட்டம்தான். மெல்லிய பாட்டையும் வெறிகொண்ட பாட்டையும் ஒரே லஃப்ஸுக்குக் கொண்டுவந்தால் மெல்லியது அலறும். இரண்டிலும் பாடகரின் குரல் ஒரே ஆள் ஒரே தூரத்தில் நிற்பது போல இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மீட்டரை மறந்துவிடலாம். வினைல் தட்டு போடுகிறார்கள் என்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: அடிபேஸ் மோனோவாக இருக்க வேண்டும், 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்குள் நிறுத்துவது நல்லது, 'ஸ்' சத்தம் அடங்கியிருக்க வேண்டும். அதற்குத் தனி மாஸ்டர்.

கொடுக்கும்போது

24 பிட் மாஸ்டர் ஒன்று, செஷனின் சாம்பிள் ரேட்டிலேயே. சிடிக்கு 44.1, 16 பிட் ஒன்று. 16 பிட்டாக்கும் அந்தக் கடைசிப் படியில் மட்டும், ஒரே ஒரு முறை, டித்தர் (பிட் குறைவதால் வரும் கரகரப்பை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) போடுங்கள். குரல் இல்லாத பதிப்பு ஒன்று, குரல் ஒரு டெசிபெல் கூடிய பதிப்பு ஒன்று: மிக்ஸ் திறந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது விளம்பரத்துக்குக் கேட்பார்கள், அப்போது பாதி பிளக்-இன் திறக்காது.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து எண் வேண்டும். பாட்டை ஸ்ட்ரீமிங்கில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனமே பெரும்பாலும் கொடுத்துவிடும். முன்பே வெளிவந்த பாட்டை மாஸ்டரில் சின்னத் திருத்தத்தோடு மறுபடி ஏற்றினால், பழைய எண்ணையே கொடுக்கச் சொல்லி பேண்டுக்கு நினைவூட்டுங்கள். புது எண் விழுந்தால் ஸ்ட்ரீம் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடும்.

அனுப்புவதற்கு முன், செஷனிலிருந்து ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்த அந்த ஃபைலையே, செஷனை மூடிவிட்டு, ஹெட்ஃபோனில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு முறை கேளுங்கள். முதல் அடியின் தலை வெட்டுப்பட்டிருக்கிறதா, நடுவில் எங்காவது 'டிக்' விழுகிறதா, கடைசி சிம்பல் ஓய்வதற்குள் ஃபைல் முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நடக்கும்: சிம்பல் இன்னும் நான்கு நொடி ஒலித்துக்கொண்டிருக்கும், ஏற்றுமதி எல்லைக்கோடு கடைசி அடியிலேயே நின்றிருக்கும்.